வாய் ஓயாத நர்ஸம்மா

அந்த நர்ஸம்மாவைப் போல ஒரு வாயாடியை நான் பார்த்ததில்லை. ஸ்கூட்டரை நிறுத்துவதற்கு முன்பே பேச்சு தொடங்கிவிடும். வருகிற வழியில் வாழைத்தார் லாரி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது, மழை வருவதை அவருடைய முழங்கால் முந்தாநாளே சொல்லிவிட்டது, பாளையங்கோட்டை மார்க்கெட்டில் கத்தரிக்காய் யானை விலை, சாம்பாரில் காயம் கூடிப்போச்சு என்று வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். ஒரு வீட்டு வாசலில் ஆரம்பிக்கிற கதை அடுத்த வீட்டு வாசல் வரை அறாது. பிள்ளைக்கு ஊசி போடும்போதும் பேச்சு நிற்காது. பிள்ளை அழுகிறதா, இவர் பேசுகிறாரா என்று வெளியே நிற்பவர்களுக்குப் பிரித்துச் சொல்ல முடியாது.

ஆனால் ஒரு வீட்டுச் சேதியை இன்னொரு வீட்டில் அவர் சொல்லிக் கேட்ட மனிதர் எங்கள் ஊரில் யாரும் கிடையாது.

என் மாமியார் ஊர் ஏரல் போகிற ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆற்றை ஒட்டி வாழைகளுக்கு நடுவில் இருக்கிறது. காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். அதுவும் டிரைவர் மனசு வைத்தால்தான். ஒரு டாக்டரைப் பார்த்துவிட்டு வரப் பொழுது போய்விடும். அதனால் பிள்ளை சுமக்கிறவளுக்கும் பெற்றவளுக்கும் இனி வேண்டாம் என்கிறவளுக்கும் நர்ஸம்மாதான் ஆஸ்பத்திரி. பக்கத்து ஊரில் ஒற்றை அறையோடு ஒரு துணை சுகாதார நிலையம் இருந்தது. புதன்கிழமை பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போடுவார். மற்ற நாளெல்லாம் ஊர் ஊராகச் சுற்றுவார். இப்போது மாற்றலாகி வள்ளியூர்ப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி. அங்கேயும் கத்தரிக்காய் விலையைத்தான் பேசிக்கொண்டிருப்பார்.

என் மாமியாருக்கு நர்ஸம்மாவின் இந்தக் குணம் பெரிய குறை. மாமனார் இல்லாத வீடு, மகன் சவுதியில் லாரி ஓட்டுகிறான், வீட்டில் நானும் பிள்ளைகளும்தான். பொழுது போக வேண்டாமா? ஊரில் எந்த வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை அவருக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தது கீழத்தெரு வரை போய்ச் சேரவும் வேண்டும். நர்ஸம்மா வந்தால் காப்பி போட்டு, முறுக்குத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பைய ஆரம்பிப்பார்.

“மேலத்தெரு பிள்ளைக்கு எத்தன மாசம் நர்ஸம்மா? வயிறு பெரிசா இருக்கே, ரெட்டையோ?”

“அவ வீட்ல கேட்டா சொல்லிட்டுப் போறாங்க மதினி. இது எள்ளு போட்ட முறுக்கா, ஓமமா? எங்க வீட்டுக்காரருக்கு ஓமம் ஆகாது. ஒரு கல்யாண வீட்ல பாருங்க…”

முறுக்கு தீரும், காப்பி தீரும், வீட்டுக்காரரின் வயிற்றுக் கதையும் தீரும். மேலத்தெருப் பிள்ளையின் வயிற்றுக் கதை மட்டும் வராது. ஸ்கூட்டர் திரும்பியதும் மாமியார் தட்டைக் கழுவிக்கொண்டே சொல்வார்: “இவ வாயக் கிண்டுததும் கல்லுல நார் உரிக்கதும் ஒண்ணுதான்.”

அந்த ஒற்றை அறையின் மரக்கதவு மழைக்காலத்தில் ஊதிக்கொள்ளும். நர்ஸம்மா முழங்காலைக் கொடுத்து ஓர் இடி இடித்துத்தான் அடைப்பார், வலிக்கிறது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிற அதே முழங்காலை. எந்தப் பெண் போனாலும் கூட வந்தவர்கள் வெளியே போக வேண்டும். பெற்ற தாய், மாமியார், புருஷன் என்று விதிவிலக்கே கிடையாது. அதற்கு ஒரு சாக்குப் போக்கும் சொல்ல மாட்டார். “வெளிய இருங்க, நான் அவகிட்ட பேசணும்” என்பார், அவ்வளவுதான். ஒரு தடவை ஒருத்தன், “நான் அவ புருஷன்லா?” என்று மீசையைத் தடவிக்கொண்டு நின்றான். “அது தெரிஞ்சுதான் சொல்லுதேன், வெளிய நில்லுங்க” என்றார். வரிசையில் இருந்த நாங்கள் எல்லோரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டோம்.

இதையெல்லாம் இப்போது சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அவர்மேல் எனக்கு வெறுப்பு வந்த காலமும் உண்டு.

எங்கள் எதிர்வீட்டு அக்காவுக்குக் கல்யாணமாகி வெகுகாலமாகியும் பிள்ளை இல்லை. ஊர் சும்மா இருக்குமா? என் மூத்த மகளுக்குப் பேர் வைத்தபோது, தொட்டிலை ஆட்ட வந்த அந்த அக்காவின் கையை என் மாமியாரே பிடித்து நகர்த்தி, “நீ பந்தியப் பாரு” என்றார். அக்கா போய் இலை போட்டாள். பிறகு ஒருநாள் ஆற்றில் துணி துவைக்கும்போது அவளே என்னிடம் சொன்னாள். திருநெல்வேலியில் இரண்டு பேருக்கும் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, குறை அவளிடம் இல்லை. கூட்டிக்கொண்டு போனதே நர்ஸம்மாதான். “அவரை ஊரு ஒரு சொல்லு சொல்லிரக் கூடாது பாத்துக்க. அதான் யார்ட்டயும் மூச்சு விடாதியன்னு நர்ஸம்மாட்ட கேட்டுக்கிட்டேன்” என்றாள்.

எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த புதன்கிழமை கதவு அடைத்ததும் நர்ஸம்மாவைப் பிடித்துக்கொண்டேன்.

“எதிர்வீட்டு அக்காவ ஊரே மலடிங்குது. உங்களுக்குத் தெரிஞ்சும் பேசாம இருக்கியளே, மனசு உறுத்தலையா?”

“எனக்கு என்ன தெரியும்னு உனக்கு யாரு சொன்னா?”

“அக்காவேதான் சொன்னா.”

“அப்ப அவ உன்ட்ட சொன்னத நீ வச்சிக்க. என்ட்ட ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டு என் மகளின் தொடையைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எப்பேர்ப்பட்ட நெஞ்சழுத்தம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். அந்த அக்காவிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். அவள் புருஷனும் சரி என்றார். ஆனால் அன்றைக்கு அந்த நர்ஸம்மா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குறைந்துவிடும் என்ற கோபம் எனக்கு ரொம்ப நாள் இருந்தது.

மூத்தவள் நடை பழகுவதற்குள் இரண்டாமவள் வயிற்றில் வந்துவிட்டாள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிறந்தாள், அவளும் பெண். வீட்டுக்கு வந்து சில நாளில் எனக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. பிள்ளை பெற்றவளுக்கு அழுக்கு போவது சகஜம் என்று மாமியார் சொன்னார், நானும் அப்படித்தான் நினைத்தேன். தலை சுற்றுவதைப் பசி என்று நினைத்துக் கஞ்சி குடித்தேன். மத்தியானம் நர்ஸம்மா பிள்ளையை எடை பார்க்க வந்தார். வழக்கம்போல வாசலிலிருந்தே ஏதோ சொல்லிக்கொண்டு வந்தவர், என் கண்ணிமையைக் கீழே இழுத்துப் பார்த்தார். பாதி வாக்கியத்தில் பேச்சு நின்றது.

அவர் பேச்சு நின்றதில்தான் எங்களுக்குப் பயம் பிடித்தது.

“மதினி, வண்டி பிடிங்க” என்றார்.

உப்பு ஒரு கல் கூடினாலும் ஊரைக் கூட்டி வழக்குப் பேசுகிற என் மாமியார், எதற்கு என்றுகூடக் கேட்கவில்லை. செருப்பில்லாமல் ரோட்டுக்கு ஓடினார். வாழைத்தார் ஏற்றிக்கொண்டு போன லோடு ஆட்டோவை மறித்து, தார்களை அவரே இழுத்து ரோட்டில் போட்டார். பின்னால் சருகு மேல் என்னைக் கிடத்தி, தலையை மடியில் வைத்துக்கொண்டார். நர்ஸம்மா என் அடிவயிற்றை அமுக்கிப் பிடித்தபடி வந்தார். மாமியாரின் சேலை முழுக்க என் ரத்தம். “ஏளா, கண்ண மூடாத, ஏளா” என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தது மட்டும்தான் எனக்கு நினைவிருக்கிறது.

பெரிய ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக யாருடைய ரத்தமோ ஏறி நான் பிழைத்தேன். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிள்ளைதான் மிஞ்சியிருக்கும் என்றார் டாக்டரம்மா. மூன்று வருஷத்துக்கு இன்னொரு பிள்ளைப் பேச்சே கூடாது, உடம்பு தாங்காது என்று மாமியாரைக் கூப்பிட்டு வைத்துச் சொன்னார். மாமியார் அழுதுகொண்டே தலையை ஆட்டினார்.

ஆட்டிய தலை எத்தனை நாளைக்கு? என் கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டதும் டாக்டரம்மா சொன்னதெல்லாம் ஆற்றோடு போயிற்று. “டாக்டருக அப்பிடித்தான் பயங்காட்டுவாக. எங்க அம்மை எட்டுப் பெறலையா?” என்று ஆரம்பித்தார். இரண்டும் பெண்ணாகப் போய்விட்டதே, கொள்ளி வைக்க ஒருத்தன் வேண்டாமா என்று மகனிடம் போனில் புலம்புவார். என் வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. ஆனால் அம்மா சொல்லுக்கு எதிர்ச்சொல் அவர் வாயில் வராது. பயமாக இருக்கிறது என்று நான் சொன்னால், “சாமி இருக்கு, பாத்துக்கிடும்” என்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவள் நான். சாமியை அங்கே நான் பார்க்கவில்லை, நர்ஸம்மாவைத்தான் பார்த்தேன்.

இளையவளுக்குத் தடுப்பூசி போடப் போன ஒரு புதன்கிழமை, நர்ஸம்மா கதவை இடித்து அடைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்: “உனக்கு என்ன வேணும்?”

கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. என்ன சமைக்கணும், என்ன எடுத்து வைக்கணும், இதுதான் கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது.

“இப்ப பிள்ள வேண்டாம் நர்ஸம்மா. செத்துருவேனோன்னு பயமா இருக்கு.”

அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். மாத்திரை என்றால் தினமும் வைத்து எடுக்க வேண்டும். என் பெட்டியை மாமியார் அடுக்குவார், ஆகாது. காப்பர்-டி போட்டால் முதலில் உதிரம் கொஞ்சம் கூடும். என் உடம்பு இருந்த இருப்பில் அது வேண்டாம் என்றார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போடுகிற ஊசி இருக்கிறது. உடம்பைக் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போன நாளில் டாக்டரம்மா பார்த்து முதல் ஊசி போட்டார், அடுத்தது நர்ஸம்மா. பிள்ளைக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

“வெலக்கு முன்னப்பின்ன ஆகும். செலருக்கு நின்னே போயிரும். அதுல ஆபத்து ஒண்ணும் இல்ல, பயப்படாத” என்றும் சொல்லித்தான் போட்டார். நானும் கேட்டுக்கொண்டேன். எங்கள் இரண்டு பேருக்குமே சாமி விளக்கு ஞாபகத்துக்கு வரவில்லை. அவர் சர்ச்சுக்குப் போகிற வேதக்கார வீடு, விலக்கு நாளில் விளக்கைத் தொடாத வழக்கம் அங்கே கிடையாது. எனக்கு அது மூச்சு விடுவதுபோலப் பழகிப்போன சங்கதி.

எங்கள் வீட்டில் சாமி விளக்கை நான்தான் ஏற்ற வேண்டும். வீட்டுக்கு விலக்கான நாட்களில் மட்டும் நான் பின்கட்டில் இருப்பேன், மாமியார் ஏற்றுவார். இரண்டாவது ஊசிக்குப் பிறகு எனக்கு விலக்கு நின்றே போனது. அந்தச் சமயம் பார்த்து வீட்டுக்காரரும் லீவில் வந்துவிட்டுப் போனார். பின்கட்டில் முடங்கிக் கிடக்கிற தொல்லை விட்டது என்று நான் தினமும் ஜோராகக் குளித்து விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மாமியார் விளக்கைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அவர் மனசுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

ஒருநாள் காலையில் என் கையிலிருந்த தண்ணீர்க் குடத்தை வெடுக்கென்று வாங்கினார். முகமெல்லாம் சிரிப்பு.

“இனி நீ குடம் தூக்கப்பிடாது. முழுகாம இருக்கதை மாமியாட்ட சொல்லணும்னு தோணலையோ?”

“ஐயோ, அப்பிடி ஒண்ணும் இல்ல அத்தை.”

“முத மூணு மாசம் எல்லாவளும் இப்பிடித்தான் சொல்லுவா. கண்ணு பட்டுரும்லா? சரி, நீ சொல்லாத. நான் சொல்லிக்கிடுதேன்.”

சொல்லிக்கொண்டார். மத்தியானத்துக்குள் மேலத்தெருவும் கீழத்தெருவும் சீனி தின்றாகிவிட்டது. சவுதிக்குப் போன் போனது. இந்தத் தடவை பையன்தான் என்று அங்கேயிருந்து வீட்டுக்காரர் சத்தம் போட்டுச் சிரித்தார். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலில் பொங்கல் வைப்பதாக மாமியார் நேர்ந்துகொண்டார். புளிப்பு மாங்காய் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, வெட்கப்படுகிறேன் என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். இல்லாத பிள்ளைக்கு வீட்டில் தொட்டில் துடைக்கிறார்கள், எனக்குச் சோறு இறங்கவில்லை. மசக்கை என்றார்கள்.

உண்மையைச் சொன்னால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் சாதிசனத்தில் ஒருத்தி இப்படிச் செய்தாள் என்று தெரிந்து, பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவளை மட்டும் அம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பயந்து ஊசியை நிறுத்தினால் அடுத்த லீவில் நிஜமாகவே வயிற்றில் வரும். மறுபடி அந்த லோடு ஆட்டோதான். இந்தப் பக்கம் போனால் பிள்ளைகள் போகும், அந்தப் பக்கம் போனால் உயிர் போகும்.

மாமியார் கடைக்குப் போன நேரம் பார்த்து நர்ஸம்மாவுக்குப் போன் செய்தேன்.

“புதன்கிழமை பேர் பதியணும்னு அத்தை என்னக் கூட்டிட்டு வாராங்க. ரத்தம் கம்மி, அதான் தள்ளிப்போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லிருங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்.”

அந்தப் பக்கம் ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது.

“உன்னப் பத்தி நான் ஒருத்தர்ட்டயும் சொல்ல மாட்டேன். பொய்யும் சொல்ல மாட்டேன்.”

“ஒரே ஒரு பொய் நர்ஸம்மா.”

“அன்னைக்கு வண்டி பிடிங்கன்னு சொன்னேன். உங்க அத்தை ஏன்னு கேட்டாங்களா? நான் ஒரு தடவ பொய் சொல்லி அது வெளிய வந்துச்சுன்னு வையி. அடுத்த தடவ நான் வண்டி பிடிங்கன்னா நின்னு கேள்வி கேப்பாங்க. நீ அங்கன கெடந்து செத்துப்போவ” என்றார். போனை வைத்துவிட்டார்.

நியாயம்தான். ஆனால் அந்த நேரத்தில் யாருக்கு வேண்டும் நியாயம்? நாசமாய்ப் போ என்று வாய்விட்டே திட்டினேன்.

புதன்கிழமை மாமியார் பட்டுக் கரை போட்ட சேலை உடுத்திக்கொண்டார். இளையவளைத் தூக்கிக்கொண்டு, மூத்தவளைக் கையில் பிடித்துக்கொண்டு என்னை முன்னால் நடக்கவிட்டு வந்தார். நர்ஸம்மா என்னை மட்டும் உள்ளே விட்டு, சோதித்துப் பார்த்துவிட்டு, “உங்க அத்தைய உள்ள கூப்பிடட்டுமா? நீ சொன்னாத்தான் கூப்பிடுவேன்” என்றார். கூப்பிடாமல் என்ன செய்வது? தலையை ஆட்டினேன்.

அட்டையில் ஒரு கோடுதான் விழுந்திருந்தது.

“இல்ல மதினி. பிள்ள இல்ல.”

“அட்டை கெட்டுப் போயிருக்கும். இன்னொண்ணு போடுங்க.”

இன்னொன்றும் போட்டார். அதிலும் ஒரு கோடு. மாமியார் அந்த அட்டையை வெளிச்சத்தில் காட்டித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மாறியது. கோபம் வரும் என்று நினைத்தேன். வந்தது பயம்.

“அப்ப வெலக்கு எங்க போச்சு? வயித்துல கட்டியா? நர்ஸம்மா, மறைக்காம சொல்லுங்க. எம் பிள்ள ஊர்ல இல்லாத நேரத்துல இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்?”

“கட்டி இல்ல மதினி. சீக்கு ஒண்ணும் இல்ல. அவ நல்லா இருக்கா.”

“அப்ப என்னத்தால நின்னுச்சு?”

கத்தரிக்காய், முழங்கால், வீட்டுக்காரர் ஒன்றும் வரவில்லை. அந்த வாயாடி வாயை மூடிக்கொண்டு என் மாமியாரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். மாமியார் ஒன்றும் தெரியாதவர் இல்லையே.

“ஒங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் மதினி.”

“சொல்லுங்க.”

“மாட்டேன்.”

மாமியார் அவர் கையைப் பிடித்து உலுக்கினார். “நான் அவளுக்கு மாமியா. எங்க வீட்டு மருமகளப் பத்தி எனக்குத் தெரியாம ஒங்களுக்கு என்ன தெரியணும்? கலெக்டருக்கு எழுதிப் போடுவேன். இங்கன இருக்க விடமாட்டேன்.”

“எழுதுங்க. கலெக்டர் வந்து கேட்டாலும் இதத்தான் சொல்லுவேன்.”

வெளியே பிள்ளைகள் அழுகிற சத்தம். வரிசையில் இருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டார்கள். நர்ஸம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. கண்ணைக் காட்டியிருந்தால்கூட எனக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். அதையும் தரவில்லை. எதிர்வீட்டு அக்காவின் சங்கதியில் எனக்கு வந்த அதே வெறுப்பு வந்தது. அதோடு இன்னொன்றும் புரிந்தது. என் வாயைத் தவிர இந்த அறையில் இதைச் சொல்ல வேறு வாய் கிடையாது.

“நான் ஊசி போட்டிருக்கேன் அத்தை. பிள்ள வராம இருக்க.”

என் குரல் எனக்கே கேட்கவில்லை. ஆனால் அவருக்குக் கேட்டுவிட்டது.

“எப்பத்துல இருந்து?”

“சின்னவளுக்கு ஆறு மாசம் ஆனதுல இருந்து.”

“ஊரெல்லாம் சீனி குடுத்தேனேளா” என்றார். அதைத்தான் முதலில் சொன்னார். “என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா?”

“சொல்லியிருந்தா விட்டிருப்பியளா அத்தை?”

அவர் இளையவளை என் கையில் கொடுத்துவிட்டு மூத்தவளை இழுத்துக்கொண்டு வெளியே போனார். சாயங்கால பஸ்ஸுக்குக் காத்திராமல் வெயிலில் நடந்தே போய்விட்டார். நர்ஸம்மா அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எனக்கு ஒரு ஆறுதல் சொல் கிடையாது. மூலையில் இருந்த ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளிவிட்டார். நான் அதில் உட்கார்ந்து, வரிசை தீருகிற வரை அழுதேன்.

வீட்டுக்குப் போனால் என் பெட்டி வாசலில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் போனேன். இல்லை. மாமியார் சோறு வடித்துக்கொண்டிருந்தார். பேசவில்லை. அன்றும் பேசவில்லை, மறுநாளும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை. திட்டியிருந்தால்கூடத் தூக்கம் வந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை சவுதியில் லீவு. போன் வந்தது. நான் எடுக்கும் முன் மாமியார் எடுத்துவிட்டார்.

“ஏலே, இவளுக்கு இல்லையாம்டா. பாத்தாச்சு, இல்ல.” அந்தப் பக்கம் அவர் என்னமோ கேட்டார். “எனக்கென்ன தெரியும்? ஒம் பொண்டாட்டிட்ட கேளு, அவ எப்ப சொல்லணுமோ அப்ப சொல்லுவா. வை.”

போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அந்த ஆட்டோல ஒந் தலைய மடியில வச்சிருந்தது நான். எம் மவன் இல்ல. அவனுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார். பிறகு கிணற்றடிக்குப் போய்விட்டார். என் ரத்தம் படிந்த அந்தச் சேலையை அவர் எத்தனை தடவை துவைத்தும் கறை போகாமல் கடைசியில் எரித்தார் என்பது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறந்துவிட்டார் என்று நான்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்காரர் அடுத்த லீவுக்கு வந்தபோது நானே உட்கார வைத்துச் சொன்னேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பாதி லீவைக் கழித்தார். மீதிப் பாதியில் சரியாகிவிட்டார். அந்தக் கதை வேறு.

அடுத்த ஊசிக்கான புதன்கிழமை வந்தது. எப்படிக் கேட்பது என்று நான் வாசலுக்கும் அடுக்களைக்கும் அலைந்துகொண்டிருந்தேன். மாமியார் தலையை வாரி முடிந்துகொண்டு, “கெளம்பு, பஸ்ஸு போயிரும்” என்றார்.

துணை சுகாதார நிலைய வாசலில் நான் எழுந்தபோது என் தோளைப் பிடித்து உட்கார வைத்தார்.

“நீ வெளிய இரு. நான் மொதல்ல போறேன்.”

உள்ளே போனார். கதவு இடித்து அடைபட்டது. நான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். முதலில் என்னைப் பற்றித்தான் சண்டை போடப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். சத்தம் வரவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. ஒரு தடவை மாமியார் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. கதவு திறந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. கையில் ஒரு துண்டுச் சீட்டை மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு, என்னைப் பார்க்காமல் பிள்ளையை வாங்கிக்கொண்டார்.

உள்ளே போனதும் எனக்கு ஊசிகூட மறந்துபோயிற்று. “அத்தைக்கு என்ன நர்ஸம்மா? எதுக்கு அழுதாங்க?”

நர்ஸம்மா ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டே பஸ் ஸ்டாண்டில் ஒரு பூனை குட்டி போட்டிருப்பதைப் பற்றி ஆரம்பித்தார். இரண்டு வெள்ளை, ஒன்று கருப்பாம். நான் அவரையே பார்த்தேன். அவர் என் கையைத் துடைத்தார், ஊசி போட்டார். பூனைக்கதை முடியவில்லை. நர்ஸம்மாவை உலுக்கியும் மிரட்டியும் பார்த்த மாமியாருக்குத்தான் இந்தக் கதவின் பலம் தெரியும். எத்தனை வருஷமாக எதை மறைத்து வைத்திருந்தாரோ, அதைக் கொண்டுபோய் வைக்க என் மாமியாருக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது எங்கள் தெருக்காரி ஒருத்தி கீரைக்கட்டோடு வந்தாள்.

“என்ன மதினி, மாமியாளும் மருமகளுமா இந்தப் பக்கம்? யாருக்கு என்ன?”

“எங்க வீட்டுக்குத்தான்” என்றார் மாமியார்.

“அதான், வீட்ல யாருக்குன்னு கேக்கேன்.”

“எங்க வீட்டுக்குன்னு சொன்னேம்லா?”

பஸ் வந்தது. நல்ல கூட்டம். ஒரு பையன் என் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். நான் உட்காரவில்லை. மாமியாரின் கையைப் பிடித்து அந்த இடத்தில் உட்கார வைத்தேன். வேறொரு நாளாக இருந்தால், எனக்கென்ன கேடு, நீ உக்காரு என்று பஸ்ஸையே ரெண்டாக்கியிருப்பார். அன்றைக்குப் பைய உட்கார்ந்து, பிள்ளைக்குக் கையை நீட்டினார்.